செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: யார்க்‌ஷயர் மாட்டு வைத்தியர் கதைகளை வாசித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். யார்க்‌ஷயரில் இயங்கும் நமது தமிழ் வாசகர் வட்டத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகள்: சித்திரைப் புத்தாண்டுக் கூடுகை நூலக அரங்கில் நடந்தது. கோடையில் தெர்ஸ்க் நகரத்துக்குக் குடும்பங்களோடு ஒரு நாள் சென்று வந்தோம். சிறுவர் கதைநேரம் பள்ளி விடுமுறைகள் தவிர்த்துத் தொடர்ந்து நடந்தது. பொங்கல் விழாவைப் பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு சேர்ந்து கொண்டாடினோம். செயற்குழு விதிப்படி கூடியது.

இந்த ஆண்டின் முதன்மைப் பணி ஜேம்ஸ் ஹெரியட் எழுதிய கால்நடை மருத்துவக் கதைகளின் தொடர் வாசிப்பு. இதைத் தேர்ந்தெடுத்தபோது இரண்டு ஆட்சேபணைகள் வந்தன; கடைசிக் கூட்டம் வரையிலும் அவை அடங்கவில்லை. தமிழ் நூல்கள் இருக்க ஆங்கில நூல் எதற்கு என்பது ஒன்று. இங்கே வந்த பிறகும் மாட்டுத் தொழுவத்தையா வாசிக்க வேண்டும் என்பது மற்றொன்று. செயற்குழுவின் பதிலை இங்கே பதிவு செய்வது என் கடமை. நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் மலைப் பண்ணைகளை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் எழுத்து வேறு இல்லை. நம்மில் பலர், யாழ்ப்பாணத்துக்காரரானாலும் கொங்கு நாட்டுக்காரரானாலும், மாடு கட்டிய வீட்டில் பிறந்தவர்கள். பசுவுக்கு வரும் நோய் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

ஆசிரியரைப் பற்றி முதல் கூட்டத்தில் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். இயற்பெயர் ஜேம்ஸ் ஆல்ஃபிரெட் வைட். 1916ல் சண்டர்லண்டில் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்தார். கிளாஸ்கோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1939ல் தேர்ச்சி பெற்றார். 1940ல் தெர்ஸ்க் கிர்க்கேட் தெரு 23ஆம் எண் வீட்டில், டொனால்ட் சின்க்ளேர் நடத்திவந்த மருத்துவமனையில் சேர்ந்தார். அதன்பின், போர்க்காலத்தில் விமானப்படைக்குப் போன இடைவெளி தவிர, பணிக்காலம் முழுவதும் அந்த ஊரில்தான். கதையில் சீக்ஃப்ரீடாக வருபவர் டொனால்ட். டிரிஸ்டனாக வருபவர் அவர் தம்பி பிரையன். கதை நடக்கும் டாரோபி என்ற ஊர் கற்பனை. கால்நடை மருத்துவர்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்ற தொழில் விதி இருந்ததால் புனைபெயர் தேவைப்பட்டது. தொலைக்காட்சியில் பந்து பிடித்துக்கொண்டிருந்த பர்மிங்ஹாம் சிட்டி கால்பந்து அணியின் இலக்குக் காவலர் ஜிம் ஹெரியட்டின் பெயரை எடுத்துக்கொண்டார். முதல் நூல் 1970ல் வெளிவந்தது. 1972ல் முதல் இரு நூல்களும் ஒரே தொகுப்பாக அமெரிக்காவில் வந்த பிறகுதான் பெரும்புகழ் கிடைத்தது. 1995ல் காலமானார்.

இந்த ஆண்டு கண்ணுக்குத் தெரியும்படி நடந்த வேலை எதுவென்று கேட்டால், ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் அச்சிட்டுக் கொடுத்த தமிழ்க் குறிப்பிதழ்களைத்தான் சொல்வேன். இவற்றைக் காகிதச் செலவு என்று சில உறுப்பினர்கள் சொன்னதால் சற்று விரிவாக விளக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கதைகளை நகைச்சுவையாக மட்டும் வாசித்துவிட்டுப் போவது எளிது. மருத்துவரின் கை எங்கே இருக்கிறது, என்ன தேடுகிறது, ஏன் வலிக்கிறது என்று தெரியாவிட்டால் பாதிக் கதை கைநழுவிப் போகும். முதல் நூலின் முதல் அத்தியாயமே பிரசவம்தான். இரவு, குளிர், கல்தரை. சட்டையைக் கழற்றி இடுப்புவரை வெற்றுடம்போடு மருத்துவர் பசுவின் பின்னால் படுத்துக் கிடக்கிறார். கன்றின் தலை பின்னோக்கித் திரும்பியிருக்கிறது. இது என்ன சிக்கல் என்று குறிப்பிதழில் படிப்படியாக எழுதினோம்.

முறையாக வரும் கன்று முன்னங்கால் இரண்டையும் நீட்டி, முழங்கால்மேல் முகவாயை வைத்தபடி வரும். தலை திரும்பியிருந்தால் கால்கள் மட்டும் தெரியும். தெரிகிற காலைப் பிடித்து இழுத்தால் கழுத்து இன்னும் மடங்கி இடுப்பெலும்பு வளையத்தில் இறுகிவிடும். ஆகவே முதல் வேலை கன்றைத் திரும்ப உள்ளே தள்ளுவது. பசு முக்கும்போது தள்ளக் கூடாது, கருப்பை கிழியும். இரண்டு முக்கலுக்கு இடையில், கன்றின் மார்பில் உள்ளங்கையை வைத்துத் தள்ளி இடம் உண்டாக்க வேண்டும். அந்த இடத்தில் கையை ஓட்டித் தலையைத் தேடி, மெல்லிய கயிற்றின் சுருக்கைக் கீழ்த்தாடையில் மாட்ட வேண்டும். தாடைக் கயிறு தலையை வழிக்குக் கொண்டுவர மட்டுமே. பலமாக இழுத்தால் தாடை முறியும். தலை திரும்பி வரும்போது கன்றின் பற்கள் கருப்பைச் சுவரைக் கீறாமல் வாயை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் ஒரே கையால், கண் பார்க்காமல் செய்ய வேண்டியவை. ஒவ்வொரு முக்கலிலும் மருத்துவரின் கை கன்றுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நசுங்கும். சிறிது நேரத்தில் விரல் மரத்து, சுருக்கு இருக்கிறதா நழுவிவிட்டதா என்பதே தெரியாது. நீர்க்குடம் உடைந்து நேரமாகியிருந்தால் உள்ளே வறண்டுவிடும். சோப்பும் வெந்நீரும் வாளி வாளியாகத் தேவைப்படுவது அதனால்தான். அந்த அத்தியாயத்தில் வெந்நீர் கேட்பது இடம் நிரப்ப எழுதிய வரி இல்லை. இப்போது வால் முதுகெலும்பின் முதல் இரண்டு கண்ணிகளுக்கு நடுவில் 5 மில்லி அளவு மரப்பு மருந்து போட்டு முக்கலை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குவார்கள்.

தலை நேரான பிறகு இழுப்பதிலும் முறை உண்டு. கயிற்றைக் கணுவுக்கு மேலே சுருக்கிட்டு, கணுவுக்குக் கீழே ஓர் அரைமுடிச்சும் போட்டால் இழுவிசை பிரிந்து எலும்பு முறியாது. கால்களை ஒன்று மாற்றி ஒன்றாக இழுத்தால் தோள்கள் சாய்ந்து குறுகி வெளிவரும். பசு முக்கும்போது மட்டுமே இழுக்க வேண்டும். தோள் வெளிவந்ததும் இழுவையைக் கீழ்நோக்கி, பசுவின் பின்னங்கால் முட்டியின் பக்கமாகத் திருப்ப வேண்டும். இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு வந்த கூட்டத்தில் அந்த அத்தியாயத்தை மீண்டும் உரக்க வாசித்தபோது அவையில் பேச்சே இல்லை. குறிப்பிதழின் பயன் அன்றைக்கே தெரிந்தது.

பால் காய்ச்சல் பற்றிய குறிப்பிதழுக்குத்தான் அதிகக் கேள்விகள் வந்தன. கன்று ஈன்று மூன்று நாளுக்குள் நல்ல கறவை மாடு தள்ளாடி விழுகிறது. கழுத்தை வளைத்துத் தலையை விலாவோடு ஒட்டிப் படுக்கிறது. காது சில்லிட்டிருக்கும். கவனிக்காவிட்டால் பக்கவாட்டில் சாய்ந்து, வயிறு உப்பி, இறந்துபோகும். மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட பசுக்களில்தான் இது அதிகம். ஜெர்சி இனத்துக்கு இன்னும் அதிகம். காரணம் சுண்ணாம்புச் சத்தான கால்சியம் குறைவது. ஒரு பசு 10 லிட்டர் சீம்பால் கொடுத்தால் அதில் சுமார் 23 கிராம் கால்சியம் போய்விடும். அதன் ரத்த நீரில் எந்த நேரமும் இருப்பதோ 3 கிராம் அளவுதான். எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்ட உடம்பு சில நாள் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் தசை செயலிழக்கிறது.

இதன் மருத்துவ வரலாறு தெரிந்தால்தான் பண்ணைக்காரர்கள் இளம் மருத்துவரின் பாட்டிலை அப்படி உற்றுப் பார்ப்பது புரியும். டென்மார்க்கின் கால்நடை மருத்துவர் ஷ்மிட் 1897ல் மடிக்குள் பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். அதன்பின் வெறும் காற்றை அடித்தாலே போதும் என்று கண்டார்கள். மடி காற்றால் இறுகினால் பால் சுரப்பு நின்றுவிடும். கால்சியம் மடிக்குப் போவதும் நிற்கும். நிறைய மாடுகள் எழுந்தன. ஆனால் அடிக்கும் குழாய் சுத்தமாக இல்லாவிட்டால் மடிநோய் வந்து காம்பு போய்விடும். ரத்தத்தில் கால்சியம் குறைவதுதான் காரணம் என்று எடின்பரோவில் டிரையரும் கிரேகும் 1925ல் எடுத்துச் சொன்ன பிறகே கால்சியம் ஊசி வழக்கத்துக்கு வந்தது. கதைகள் நடப்பதாகச் சொல்லப்படும் முப்பதுகளின் கடைசியில் அது புதிய மருந்து. செத்ததாகவே வைத்துக்கொண்ட மாடு ஒரு பாட்டில் இறங்கியதும் ஏப்பம் விட்டு, நடுங்கி, எழுந்து நிற்பதை முதல்முறை பார்க்கும் விவசாயியின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

இதில் செய்யும் தவறும் ஒன்றுதான், அவசரம். இங்கே வழக்கில் உள்ள பாட்டில் 40 சதக் கால்சியம் போரோகுளுக்கோனேட், 400 மில்லி. அதை உடல் வெப்பத்துக்குச் சூடாக்கி, கழுத்து ரத்தக்குழாயில் குறைந்தது 10 நிமிடமாவது எடுத்துக்கொண்டு ஏற்ற வேண்டும். பாட்டிலை உயர்த்தினால் வேகம் கூடும், தாழ்த்தினால் குறையும். ஒரு கை பாட்டிலிலும், காது இதயத்துடிப்பிலும் இருக்க வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் அங்கேயே நின்றுவிடும். பக்கவாட்டில் சாய்ந்த மாட்டை மருந்து போடும் முன்பே நெஞ்சின்மேல் நிமிர்த்தி, வைக்கோல் கட்டை அண்டைகொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். எழுந்த மாட்டிடம் அன்றே மடி வற்றக் கறந்தால் மறுநாள் திரும்பவும் விழக்கூடும்.

மற்ற இதழ்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்று உப்புசத்துக்கு இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பு முனைக்கும் நடுவில் ட்ரோக்கார் என்ற குழாயோடு கூடிய கூர்முனைக் கருவியைக் குத்துவது. நுரை கட்டிய உப்புசமானால் குழாய் வழியே காற்று வராது, எண்ணெய் கொடுத்து நுரையை உடைக்க வேண்டும். அடி தள்ளி வெளியே வந்த பசுவின் கருப்பையைக் கழுவி, சர்க்கரை தூவி வீக்கத்தைக் குறைத்து, விரல்நுனி படாமல் மடக்கிய கையால் உள்ளே ஏற்றுவது. கருப்பைக் கொம்பின் நுனிவரை முழுதாக நேராகாவிட்டால் மீண்டும் தள்ளிவிடும்.

காசநோய்ச் சோதனை பற்றிய இதழைச் சிலர் வறட்சி என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கதைகளில் மருத்துவர் நாள் முழுக்க மாடு பிடித்து உதைபடுவதெல்லாம் இந்த வேலையில்தான். கழுத்தில் இரண்டு இடத்தில் மயிர் கத்தரித்து, தோல் மடிப்பின் தடிமனை அளவைக் கருவியால் அளந்து குறித்து, மேலே பறவைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த சோதனைப் பொருளும் கீழே மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்ததும் ஊசி போட்டு, 72 மணி நேரம் கழித்து அதே மாட்டின் அதே இடத்தைத் திரும்ப அளக்க வேண்டும். கீழ்வீக்கம் மேல்வீக்கத்தைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் மாடு கழிக்கப்படும் என்பது இன்றைய வழக்கமான அளவுகோல். அதாவது ஒவ்வொரு மாட்டையும் இரண்டு தடவை பிடிக்க வேண்டும். மலைமேல் மேயும் மாட்டை மூன்றாம் நாள் சொன்ன நேரத்துக்குப் பண்ணைக்காரர் ஓட்டிவந்து கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லையென்றால் அன்றைய வேலை அத்தனையும் கெட்டது. 1960ல் பிரிட்டன் முழுவதும் சோதனைக்கு உட்பட்ட மந்தைகளானதற்குப் பின்னால் இருப்பது கிராமத்து மருத்துவர்களின் இந்த உழைப்புதான். பச்சைப்பால் குடித்த பிள்ளைகளுக்குக் கழுத்தில் கட்டி வந்த காலம் முடிந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

ஆண்டுக்கணக்கையும் இதழில் தெளிவுபடுத்தினோம். கதையில் ஹெரியட் 1937ல் வருகிறார். வைட் உண்மையில் வந்தது 1940ல். சல்ஃபா மருந்தான எம் அண்ட் பி 693 வந்தது 1938ல். பெனிசிலின் பண்ணை மாடுகளுக்குக் கிடைத்தது போருக்குப் பின். முதல் நூல்களின் மருந்து அலமாரியில் பெரும்பாலும் நோயைத் தொடாத தூள்களும் கஷாயங்களும் இருப்பதற்கும், பிந்திய நூல்களில் ஊசி வேலை செய்வதற்கும் இதுதான் காரணம். கூடவே, ஷார்ட்ஹார்ன் மாடுகள் போய்க் கறுப்பு வெள்ளை ஃப்ரீசியன் மாடுகள் வருவதையும், உழவுக்குதிரை மறைந்து டிராக்டர் வருவதையும் வரிசையாக வாசித்தால் கண்முன்னே பார்க்கலாம். குதிரையை மையமாக வைத்துப் படித்துவிட்டு வந்த ஒரு தலைமுறை மாட்டைக் கற்றுக்கொண்ட வரலாறு இது.

எல்லோரும் ஒருமனதாக விரும்பிய கதை கிழப் பசுவின் கதை. மடி தொங்கிப் போய், காம்பு பக்கத்து மாட்டின் குளம்பில் மிதிபட்டுக் கிழிகிறது. தைத்தாலும் அடுத்த முறை மிதிபடும். காம்புக் கிழிசல் பால்வழி வரை போய்விட்டால் உள்தோல், நடுத்தசை, வெளித்தோல் என்று தனித்தனி அடுக்காகத் தைக்க வேண்டும். ஒரே அடுக்காகத் தைத்தால் பால் கசிந்து ஓட்டை நிரந்தரமாகும். பசுவை விற்க அனுப்புகிறார்கள், அது வழியில் திரும்பித் தன் இடத்துக்கே வந்து நிற்கிறது. கறக்க வேண்டாம், கன்றுகளை ஊட்டவிட்டு வைத்துக்கொள்கிறேன் என்கிறார் பண்ணைக்காரர். கதையைப் பேசிமுடித்த பிறகு நம் உறுப்பினர் பலரும் தங்கள் வீட்டு மாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கி, அரங்கம் மூடும் நேரம் தாண்டிவிட்டது.

இனி மனதில் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். இலையுதிர் காலம் வரை கூட்டங்கள் நிறைந்திருந்தன. நவம்பருக்குப் பிறகு வருவதாக உறுதி சொன்னவர்களில் பாதிப்பேர் வரவில்லை. வராததைத் தெரிவிக்கவும் இல்லை. அரங்கு முழு ஆண்டுக்கும் முன்கூட்டியே பதிவு செய்யப்படுகிறது. நாற்காலி காலியாக இருந்தாலும் வாடகை குறைவதில்லை. வராத மாதத்துக்குச் சந்தா எதற்கு என்று கேட்டவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஆண்டுச் சந்தா 20 பவுண்ட். ஒரு குடும்பத்துக்கு ஒரு சந்தாதான். கணிசமானவர்கள் இந்த ஆண்டுத் தொகையைச் செலுத்தவில்லை. சிலருக்குக் கடந்த ஆண்டுத் தொகையும் நிலுவையில் இருக்கிறது. மூன்று நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பப்பட்டன.

வட்டத்தின் பணத்தில் வாங்கிய பழைய பிரதிகள் சில இன்னும் திரும்பவில்லை. இரண்டாம் நூலின் பிரதி ஒன்றுகூட அலமாரியில் இல்லாததால் ஜனவரிக் கூட்டத்தைப் பகிர்ந்து வாசித்து நடத்த வேண்டியதாயிற்று. குறிப்பிதழின் மருத்துவப் பகுதிகளைச் சரிபார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்ட உறுப்பினர் ஒருவரிடமிருந்து ஆண்டு முடியும்வரை பதில் வரவில்லை. இதழ்களின் எழுத்து, தட்டச்சு, பக்க அமைப்பு எதற்கும் வட்டத்தின் பணம் ஒரு பென்னியும் செலவாகவில்லை. செலவானது தாளும் மையும் மட்டுமே. அதைக் குறைக்க வேண்டுமென்றால் மின்னஞ்சலில் அனுப்பலாம், ஆனால் வயதான உறுப்பினர்கள் கையில் தாளாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் தெரிவிக்கிறேன்.

வரவு செலவு: சந்தா, நன்கொடை, பொங்கல் விழாப் பங்கு ஆகியவை வரவு. அரங்க வாடகை, தெர்ஸ்க் பேருந்து, நூல்கள், அச்சு, சிற்றுண்டி ஆகியவை செலவு. செலவு வரவைச் சற்று மிஞ்சியது. முந்தைய ஆண்டின் கையிருப்பிலிருந்து ஈடுசெய்யப்பட்டது. விவரமான கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். நிலுவைச் சந்தா வந்திருந்தால் கையிருப்பைத் தொட்டிருக்க வேண்டியதில்லை.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், அரங்கம் தந்த நூலகத்தார், சிற்றுண்டி செய்து கொண்டுவந்த தாய்மார்கள், பேருந்து ஏற்பாடு செய்த இளைஞர்கள் எல்லோருக்கும் நன்றி. மாதம் தவறாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்த முதியவர்களுக்குத் தனிப்பட நன்றி.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு ஆட்டுக்குட்டி ஈனும் காலத்துக் கதைகளை முன்மொழிந்திருக்கிறது. ஸ்வேல்டேல் ஆடுகள் மலையில் குட்டி போடும் ஏப்ரலில் ஒரு பண்ணையை நேரில் பார்க்கும் எண்ணமும் உண்டு. கர்ப்பிணிப் பெண்கள் அந்த நேரத்தில் ஆட்டுக் கொட்டகைக்குள் வரக் கூடாது. குட்டி போட்ட ஆட்டின் வழியே பரவும் கிருமிகள் கருவைக் கலைக்கும் என்பதால் இதைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். இறந்த குட்டியின் தோலை உரித்து அநாதைக் குட்டிக்குப் போர்த்தித் தாயாட்டின் மோப்பத்தை ஏமாற்றி அதை ஏற்கச் செய்யும் முறை, பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் குட்டியின் எடையில் கிலோவுக்கு 50 மில்லி வீதம் சீம்பால் ஊட்டுவது, இரட்டைக்குட்டி சுமக்கும் ஆட்டுக்குக் கடைசி வாரங்களில் தீனி போதாமல் வரும் நோய் ஆகியவற்றுக்குக் குறிப்பிதழ்கள் தயாராகி வருகின்றன.

இந்தப் பணியை ஒருவரே தொடர்ந்து சுமப்பது சரியல்ல. செயலாளர் பொறுப்பை ஏற்க விரும்பும் உறுப்பினர் எவரும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைத்து, இதழ் வேலையில் உதவியாக இருப்பேன். யாரும் முன்வராவிட்டால், உறுப்பினர்களின் ஒத்துழைப்பு எவ்வளவு என்பதைப் பார்த்தே தொடர்வதா என முடிவு செய்ய வேண்டியிருக்கும். அரங்கத்துக்கான அடுத்த ஆண்டு முன்பணம் இம்மாதக் கடைசிக்குள் கட்டப்பட வேண்டும். நிலுவைச் சந்தாவைப் பொருளாளரிடமும், கையில் இருக்கும் புத்தகங்களை நூலக அலமாரியிலும் அதற்குள் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்